கடைசிப் பக்கம் மட்டும்

ஓசூர் பேருந்து நிலையத்தில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் நெற்றியில் தமிழ். பெங்களூருவிலிருந்து வரும் கர்நாடகப் பேருந்தில் கன்னடம். சிப்காட் கம்பெனி பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஆங்கிலம். கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் உருதுவும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, வேலையில் ஆங்கிலக் காகிதத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இங்கே ஏராளம். எனக்குத் தமிழும் ஆங்கிலமும் பார்த்த மாத்திரத்தில் ஓடும். கன்னடம் எழுத்துக் கூட்டினால்தான் வரும். தமிழ்ப் பலகையைப் பார்த்துவிட்டுப் படிக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. கண் பட்டதுமே ‘தேன்கனிக்கோட்டை’ என்று உள்ளே ஒலித்துவிடுகிறது. கன்னடப் பலகையில் முதலில் வளைவுகளைத்தான் பார்க்கிறேன். பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்துச் சொல்லாக்குகிறேன். அதற்குள் பஸ் கிளம்பிவிடும்.

இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே மூளை செய்து முடித்திருக்கும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. படிப்பதற்கென்று பிறவியிலேயே ஒதுக்கிய இடம் மனித மூளையில் கிடையாது. எழுத்து வந்து ஐயாயிரம் ஆண்டுச் சொச்சம்தான் ஆகிறது; பரிணாமக் கணக்கில் அது நேற்று. ஆகவே எழுத்துக் கற்கும் குழந்தை, முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண இருந்த பகுதியில் கொஞ்சத்தை எழுத்துக்கென்று எடுத்துக்கொள்கிறது. மூளையின் இடப்புறம், பின்பகுதியின் அடியில் இருக்கும் அந்த இடத்தை 2000ஆம் ஆண்டு வாக்கில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஸ்தானிஸ்லாஸ் தெஹேனும் லோராங் கோஹெனும் குறித்துக் காட்டினார்கள். சீனம் படித்தாலும் ஆங்கிலம் படித்தாலும் ஏறக்குறைய அதே இடம்தான் விழித்துக்கொள்கிறது.

கண்ணிலிருந்து அந்த இடத்துக்குப் போகும் வழி அறுந்தால் என்ன ஆகும் என்பதைப் பாரிஸ் நரம்பியலாளர் ஜூல் தெஜெரின் 1892லேயே எழுதிவிட்டார். அவருடைய நோயாளி நன்றாகப் படித்த மனிதர். பக்கவாதத்துக்குப் பிறகு அவரால் ஓர் எழுத்தும் படிக்க முடியவில்லை. பேச்சு பிசகவில்லை. எழுதச் சொன்னால் எழுதினார். எழுதி முடித்த தாளை அவரிடமே நீட்டினால் விழித்தார். எண்களை மட்டும் படித்தார், கணக்கும் போட்டார்.

எழுத்து மூளையை மாற்றுவது பிள்ளைப் பருவத்தோடு முடிந்துவிடுகிறதா என்ற கேள்விக்கு லக்னோ பக்கத்துக் கிராமங்களிலிருந்து பதில் வந்தது. எழுத்தே அறியாத, முப்பது வயதை ஒட்டியவர்களுக்கு ஆறு மாதம் இந்தி எழுத்துக் கற்றுக்கொடுத்து, முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. மேல்தளத்தில் மட்டுமின்றி மூளைத்தண்டு, தலாமஸ் வரைக்கும் மாற்றம் இறங்கியிருந்தது. பார்வை நுழையும் வாசலிலேயே எழுத்து கை வைத்திருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதத்தைத் தொட்டபோது ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் 71 அளவில் நின்றது. இந்த மாவட்டத்தில் முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்க உட்காரும் பெண்ணிடம், இனிமேல் ஏறாது என்று யாராவது சொன்னால் லக்னோவைக் காட்டலாம்.

ஏறும், ஆனால் மெதுவாக ஏறும். பெங்களூருவில் சொனாலி நாக் கன்னடப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, அட்சரங்கள் முழுதாகப் பிடிபட நான்காம் வகுப்பையும் தாண்டுகிறது என்று காட்டியது. இருபத்தாறு ஆங்கில எழுத்தோடு ஒப்பிட்டு நம் பிள்ளைகளை மந்தம் என்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்கு வருவோம். படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாக நினைக்கிறோம். உண்மையில் அது தத்தித் தத்திப் போகிறது. ஓரிடத்தில் கால் நொடி அளவுக்கு நிற்கிறது, ஒரு தாவல், மறுபடி நிற்கிறது. இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் எமில் ஜவாலின் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். நீங்களும் பார்க்கலாம்: ஒரு கண்ணை மூடி, இமை மேல் விரல் நுனியை லேசாக வைத்துக்கொண்டு மறு கண்ணால் இந்தப் பத்தியைப் படியுங்கள். விரலுக்கடியில் விழி துடித்துத் துடித்து நகர்வது தெரியும். தாவுகிற கணத்தில் நாம் கிட்டத்தட்ட குருடு. மூளை அந்தக் காட்சியை வெட்டி எறிந்துவிடுகிறது. கண்ணாடியில் உங்கள் வலக்கண்ணையும் இடக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள், கண் அசைவது தெரியவே தெரியாது. ஃபோனின் செல்ஃபி கேமராவில் தெரியும், அதில் படம் ஒரு நூலிழை பிந்தி வருவதால்.

நிற்கும் இடத்திலும் தெளிவாகத் தெரிவது சில எழுத்துகள்தான். அமெரிக்க உளவியலாளர்கள் ஜார்ஜ் மெக்கான்கியும் கீத் ரேனரும் 1975இல் இதை அளக்க ஒரு வழி கண்டார்கள். கண் எங்கே நிற்கிறதோ அங்கே சில எழுத்துகளை மட்டும் திரையில் காட்டி மற்றதையெல்லாம் மறைத்தார்கள். ஆங்கிலம் படிக்கிறவருக்கு இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்து, வலப்பக்கம் பதினான்கு பதினைந்து எழுத்து இருந்தால் போதும்; மீதிப் பக்கம் வெறும் குப்பையாக இருந்தாலும் வேகம் குறையவில்லை. ஹீப்ருவும் ஆங்கிலமும் தெரிந்த இஸ்ரேலியர்களை 1981இல் பார்த்தபோது, வலமிருந்து இடமாக ஓடும் ஹீப்ருவைப் படிக்கையில் இந்த ஜன்னல் இடப்பக்கம் திரும்பிக்கொண்டது. கிருஷ்ணகிரியில் முதல் பீரியடில் அதே போக்கில் ஓடும் உருதும் அடுத்த பீரியடில் தமிழும் படிக்கிற பிள்ளையின் கண்ணிலும் மணி அடித்ததும் இந்தத் திருப்பம் நடந்தாக வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது, டீச்சருக்கும் தெரியாது.

தமிழ் இந்தக் கண்ணுக்குத் தனி வேலை வைக்கிறது. ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்ற ஒரே சொல்லுக்குக் கண் இரண்டு மூன்று முறை இறங்க வேண்டும். ‘கொ’ என்பதில் கொம்பு முன்னால் வருகிறது, கால் பின்னால் வருகிறது, ஒலி நடுவிலிருந்து புறப்படுகிறது. கொம்பைப் பார்த்த கண், அது யாருடைய கொம்பு என்று தெரிய அடுத்த எழுத்துவரை காத்திருக்கிறது. இதெல்லாம் நமக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. ஒரு காலத்தில் இந்தச் சுலபமும் இல்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரம் நடுகற்களின் வட்டாரம். ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கு வட்டெழுத்தில் பொறித்த கற்கள் வயலிலும் ஏரிக்கரையிலும் நின்றன, சில இப்போது கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. கல்லில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டவில்லை. அந்த வேறுபாடு வீரமாமுனிவர் காலத்தில்தான் நிலைபெற்றது. உச்சி வெயிலில் கல்லைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சாய்வெயிலில்தான் எழுத்து எழும். கல்வெட்டுக்காரர்கள் நேராகக் கல்லைப் படிப்பதும் குறைவு. ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களில் அமுக்கி, மேலே மை ஒற்றிப் படி எடுத்து, அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்துத்தான் படிக்கிறார்கள்.

ஓலையும் அப்படித்தான்: புள்ளியும் இல்லை, இடைவெளியும் இல்லை. செய்யுளை ஏற்கெனவே அறிந்தவரே சிக்கலின்றிப் படிக்க முடிந்தது. பிறகு அச்சு வந்தது, சொல் பிரிந்தது, புள்ளி வந்தது. பெரியார் 1935 முதல் கையாண்ட சீர்திருத்த எழுத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978இல் ஏற்றது. ‘லை’யும் ‘ணை’யும் தும்பிக்கையை உதிர்த்தன. அறுபதைத் தாண்டியவர்கள் இரண்டு வடிவத்தையும் ஒரே வேகத்தில் படித்துவிடுகிறார்கள். இருபது வயதுக்காரர் பழைய பதிப்பைத் திறந்தால் வரிக்கு ஒரு முறை இடறுகிறார். தமிழ்க் கண் இப்படிப் பல முறை ஊடகம் மாறியிருக்கிறது. திரை கடைசியாக வந்தது. ஃபோன் வந்ததும் படிப்பே செத்துவிட்டது என்ற ஒப்பாரியில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓசூர் கண்ணால் சம்பாதிக்கிற ஊர். டைட்டன் எண்பதுகளில் இங்கே ஆலை போட்டபோது சுற்றுவட்டாரப் பள்ளிகளில் படித்து முடித்த பிள்ளைகளை எடுத்துக் கடிகாரம் கோக்கப் பழக்கியது. 2002இல் வந்த எட்ஜ் கடிகாரத்தின் மொத்தக் கனம் 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். இப்போது டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐஃபோனின் மேலுறை செய்கிறார்கள், வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வாகன உதிரிபாகக் கம்பெனிகளில் ‘விஷுவல்’ என்றே ஒரு பிரிவு உண்டு: விளக்கடியில் உட்கார்ந்து ஷிஃப்ட் முழுக்கக் கீறலும் பிசிறும் தேடுகிற வேலை. எட்டு மணி நேரம் ஒரு முழத் தொலைவிலேயே குவிந்து நின்ற கண் வீடு திரும்பும் பஸ்ஸில் ஃபோனைத் திறக்கிறது. அது இன்னும் கிட்டத்தில் இருக்கிறது.

திரை கண்ணைக் கெடுக்கிறதா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. சோர்வாக்கும், அது நிச்சயம். கூர்ந்து பார்க்கையில் இமை கொட்டுவது வெகுவாகக் குறைகிறது, கண் காய்கிறது, எரிகிறது. ஆனால் காகிதத்தைக் கூர்ந்து படித்தாலும் இமை கொட்டுவது குறையத்தான் செய்யும். மேசைத் திரையை நிமிர்ந்து பார்ப்பதால் விழி கூடுதலாகத் திறந்திருக்கிறது. புத்தகத்தைக் குனிந்து பார்க்கையில் இமை பாதி மூடிக் காக்கிறது. கண்ணாடிக் கடைகளில் ‘ப்ளூ கட்’ என்று கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு தருகிறார்களே, அதைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 மறுஆய்வு 17 சோதனைகளை அலசிவிட்டு, திரை பார்ப்பவர்களின் கண் சோர்வை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. அந்தப் பணத்துக்கு இரண்டு புத்தகம் வாங்கலாம். நாற்பது வயதுக்கு மேல் கண்ணின் வில்லை இறுகிக் கிட்டப் படிப்பு மங்குவது ஃபோன் இல்லாத காலத்திலும் இருந்தது. தாத்தாக்கள் பஞ்சாங்கத்தைக் கை நீட்டிப் பிடித்துத்தான் படித்தார்கள்.

ஆக, கண் பெரும்பாலும் அதே கண்தான். தாவலும் நிற்றலும் தாளிலும் திரையிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனாலும் புரிவதில் வித்தியாசம் இருக்கிறது. 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 1,70,000க்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளை, பாப்லோ டெல்காதோவும் கூட்டாளிகளும் திரட்டி 2018இல் வெளியிட்டார்கள். தாளில் படித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். பெரிய வித்தியாசமில்லை, ஆனால் ஆண்டு ஏற ஏற அது கூடியிருந்தது. ஃபோனோடு பிறந்த பிள்ளைகளுக்குத் திரை பழகிவிடும், இடைவெளி மூடிவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது சங்கடமான செய்தி.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு விஷயங்கள். கதை மட்டும் படித்தால் தாளுக்கும் திரைக்கும் வித்தியாசம் தென்படவில்லை. தகவல் நிறைந்த உரைநடையில்தான் தாள் முந்தியது. அதிலும் நேர நெருக்கடி இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடியது. அதே கண், அதே வெளிச்சம். கதை என்றால் பழுதில்லை, விதிமுறை என்றால் பழுது. பழுது வெளிச்சத்தில் இருந்திருந்தால் கதையையும் அது கெடுத்திருக்க வேண்டாமா?

ராக்கெஃபெத் ஆக்கர்மனும் மோரிஸ் கோல்ட்ஸ்மித்தும் இஸ்ரேலில் செய்து 2011இல் வெளியிட்ட சோதனை இங்கே உதவும். எவ்வளவு நேரம் படிப்பது என்பதை மாணவர்களிடமே விட்டார்கள். திரையில் படித்தவர்கள் போதும் என்று சீக்கிரம் முடிவு செய்தார்கள்; தேர்வில் குறைவாக வாங்கினார்கள்; தங்களுக்கு நன்றாகப் புரிந்துவிட்டதாக மதிப்பிட்டிருந்தார்கள். புரியாதது ஒரு நஷ்டம். புரிந்துவிட்டதாக நினைப்பது அதைவிடப் பெரிய நஷ்டம், ஏனென்றால் அப்படி நினைக்கிறவர் யாரிடமும் போய்க் கேட்கமாட்டார்.

சிப்காட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் காத்திருந்தபோது எனக்கு முன்னால் ஒரு பெண். இருபது வயது இருக்கலாம், தோளில் பை, கையில் ஃபோன்.

“அண்ணா, வாட்ஸப்புல அனுப்பிருக்கேன், பிரிண்ட் எடுத்துக் குடுங்க.”

“பதினோரு பக்கம் இருக்கேம்மா. ஃபுல்லாவா?”

“வேணாண்ணா. கடைசிப் பக்கம் மட்டும். சைன் பண்ற பக்கம்.”

வேலைக்கான ஆஃபர் லெட்டர். ஒரு காண்ட்ராக்டர் அனுப்பியது. யார் என்பது இங்கே முக்கியமில்லை, பலரும் இப்படித்தான் அனுப்புகிறார்கள். மாலைக்குள் கையெழுத்துப் போட்டுப் படம்பிடித்து அனுப்பச் சொல்லியிருந்தார்களாம். முழுக்கப் படிச்சாச்சாம்மா என்று கேட்டேன். “பஸ்ல வரும்போதே படிச்சிட்டேன் சார்” என்றாள். பொய் சொல்லும் முகமில்லை. படித்துவிட்டதாக அவள் மனதார நம்பினாள்.

அந்தப் பிடிஎஃப் ஃபோனில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஏ4 தாளுக்கென்று வைத்த பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கும்போது எழுத்து எறும்பாகிவிடுகிறது. இரண்டு விரலால் விரித்தால் எழுத்து பெரிதாகும், வரியின் வலப்பாதி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் தள்ளி, மறுபடி இடப்பக்கம் இழுத்து, அடுத்த வரியின் தொடக்கம் எது என்று தேட வேண்டும். வரி முடிந்ததும் அடுத்த வரிக்குத் தானாகப் பாயும் கண்ணின் பழக்கம் அங்கே உடைந்துபோகிறது. பஸ் சூளகிரி தாண்டிக் குலுங்கிக்கொண்டிருக்கிறது. நடுவில் நாலு மெசேஜ். ஆங்கிலமோ வக்கீல் ஆங்கிலம். ஹாஸ்டல் பிடித்தம், பஸ் பிடித்தம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., இடையில் நின்றால் எவ்வளவு சம்பளம் போகும், எத்தனை நாள் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், எல்லாம் நடுப் பக்கங்களில் கிடக்கின்றன. தகவல் உரைநடை, நேர நெருக்கடி, திரை. அந்த 54 ஆய்வுகளும் சேர்ந்து எந்த நிலையில் படிக்கக் கூடாது என்று காட்டினவோ, அதே நிலையில் உட்கார வைத்துத்தான் அவளிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

தாளுக்கு இடம் உண்டு. படித்த விஷயம் பக்கத்தில் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பதை வாசகர்கள் தம்மையறியாமல் நினைவில் வைத்திருப்பதை எர்ன்ஸ்ட் ராத்காப்ஃ 1971இலேயே காட்டினார். ‘பிடித்தம் இரண்டாம் பக்கத்தில் அடியில் இருந்ததே’ என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாம், அடிக்கோடு போடலாம், அறைத்தோழியிடம் காட்டி இது என்ன என்று கேட்கலாம். உருட்டுகிற பிடிஎஃப்பில் மேலும் இல்லை, கீழும் இல்லை, விரலுக்கேற்ப எல்லாம் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆனால் இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அந்தக் கண்ணாடிச் சதுரத்தில் நாம் வழக்கமாக என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. நாள் முழுக்க நூறு விஷயங்களை அதில் தள்ளித் தள்ளிப் பழகிய மூளை, நூற்றொன்றாவதாக வந்த சம்பள ஒப்பந்தத்தையும் அதே கணக்கில் தள்ளுகிறது. இவ்வளவு கவனம் போதும் என்ற தீர்ப்பு, முதல் வரி வருவதற்கு முன்பே வந்துவிடுகிறது.

கம்பெனிகளுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. ஓசூர் ஆலைகளின் உள்ளே போனால் ஒவ்வொரு வேலையிடத்திலும் கண் மட்டத்தில், வேலையின் படிகளை எழுதி லேமினேட் செய்த ஒரு தாள் தொங்கும், எஸ்.ஓ.பி. என்பார்கள். ‘ஒன் பாயிண்ட் லெசன்’ என்று இன்னொன்று: ஒரு தாளில் ஒரே விஷயம். இடப்பக்கம் தப்பான படம், வலப்பக்கம் சரியான படம், நடுவில் நாலே சொல், பெரும்பாலும் தமிழில். ஜப்பானியத் தர முறைகள் இங்கே வெறும் அலங்காரமல்ல. டிவிஎஸ் மோட்டார் 2002இல் தரத்துக்கான டெமிங் பரிசு வாங்கிய ஊர் இது. எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதைப் பதினோரு பக்க பிடிஎஃப்பாக வாட்ஸப்பில் அனுப்பி, பஸ்ஸில் வரும்போது படித்துக்கொள் என்று எந்த சூப்பர்வைசரும் சொல்லமாட்டார். மின்னணு ஆலைகள் பலவற்றில் ஃபோனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். பொருள் பழுதாகாமல் இருக்க மனிதக் கண்ணுக்கு எப்படி எழுத வேண்டும் என்று அவர்களுக்கு வெகு நன்றாகத் தெரியும். அந்த அறிவு லைனோடு நின்றுவிடுகிறது, எச்.ஆர். அறைக்குப் போவதில்லை.

கடனும் இப்படித்தான். பைக் கடன், செயலிக் கடன், எல்லாம் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தைத் தொட்டால் முடிந்தது. வட்டி, கட்டணம், மொத்தச் செலவு ஆகியவற்றைச் சுருக்கமான முக்கிய விவரத் தாளாகக் கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. அதுவும் ஃபோனுக்கே வருகிறது என்றாலும், சுருக்கமும் தாய்மொழியும் பாதிக் கிணற்றைத் தாண்ட வைக்கும்.

சிறுபத்திரிகை உலகத்தில் தாளா திரையா என்ற பேச்சு வந்தால் பேசுவது நாவல் பற்றி, கவிதை பற்றி, புதுப் புத்தகத்தின் வாசனை பற்றி. ஓசூர் புத்தகத் திருவிழாவிலும் இதுதான் மேடைப் பேச்சு. எனக்கும் அந்த வாசனை பிடிக்கும். ஆனால் ஆய்வுகள் சொல்வதை நேர்மையாக எடுத்துக்கொண்டால் நாவலுக்கு ஆபத்து அவ்வளவில்லை. விரும்பிப் படிக்கிறவர் கிண்டிலிலும் படிப்பார், ஃபோனிலும் படிப்பார், கதை அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புத்தக அலமாரி வைத்திருப்பவர்களின் துக்கத்தைப் படிப்பின் துக்கமாக நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். நிஜமான இழப்பு அலமாரி இல்லாதவர்களுக்கு நடக்கிறது. விருப்பமில்லாமல் படித்தாக வேண்டிய, படிக்காவிட்டால் பணமும் வேலையும் போகிற காகிதங்கள்தான் முதலில் தாளை விட்டுத் திரைக்குப் போயின. அதைப் பற்றி ஒரு கருத்தரங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தை எழுதியவர்களுக்குக் தாள், திரை ஆய்வு எதுவும் கையில் இல்லை. இருந்தாலும் 108ஆம் பிரிவில், அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும், வாசலருகே எளிதில் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும், படிக்கும்படி சுத்தமாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். எழுத்து எங்கே, எந்த மொழியில், எந்த நிலையில் இருக்கிறது என்பதும் சட்டத்தின் கவலையாக இருந்தது. நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்கிறது. வரவேற்க வேண்டியதுதான். அந்தக் கடிதம் வாட்ஸப் பிடிஎஃப்பாக வந்து சேர்ந்தால் சட்டத்தின் கண்ணில் கடமை முடிந்துவிடும், தொழிலாளியின் கண்ணில் அது தொடங்கியிருக்காது.

ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்சங்கங்கள் இதை ஒரு கோரிக்கையாக எடுக்கலாம். சம்பளம், பிடித்தம், வேலை நேரம், விடுப்பு, நிற்கும்போது என்ன ஆகும் என்ற ஐந்தும் ஒரே தாளில், தமிழில், அச்சில். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவருக்கு அவருடைய மொழியில். ஒரு ராத்திரி அவகாசம். லைனில் மாட்டுகிற தாளுக்கு ஆகும் செலவைவிட இதற்கு ஒரு பைசாவும் கூடாது.

அதுவரை, இதைப் படிக்கிறவர் வீட்டில் புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளை இருந்தால் ஒன்று செய்யுங்கள். கையெழுத்துக் கேட்டு ஃபோனுக்கு எது வந்தாலும் எல்லாப் பக்கத்தையும் அச்செடுத்துக் கொடுங்கள். பேனாவோடு உட்காரச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் கோடு போட்டு, கையெழுத்துக்கு முன்னால் அதைப் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.